சால்ஸ்பர்க்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை

மே மாதம் வியன்னாவில் ஐந்து நாள் இருக்கப்போகிறோம், அதில் ஒரு நாள் காலையில் ரயிலேறி சால்ஸ்பர்க் போய்விட்டு ராத்திரி திரும்பினால் அங்கே பிறந்த இசையமைப்பாளர் மொசார்ட்டையும் பரோக் (17, 18ஆம் நூற்றாண்டு ஆடம்பரப் பாணி) கட்டடங்களையும் பார்த்துவிடலாமா, கூட அம்மா வருகிறார், அவருக்கு முழங்கால் வலி, எங்கள் யாருக்கும் மேற்கத்திய இசை தெரியாது என்று கேட்டிருந்தீர்கள். என் பதில், வேண்டாம். போய்வர முடியும், ரயில் இரண்டரை மணி நேரம்தான். ஆனால் பகல் பதினோரு மணிக்கு இறங்கி சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏறுகிறவர்கள் பார்ப்பதெல்லாம் ஒரு கடைத்தெருவையும் அதில் முட்டிமோதும் மற்ற ஒருநாள் பயணிகளையும்தான். வியன்னாவில் இரண்டு நாளைக் குறைத்துக்கொண்டு இங்கே இரண்டு ராத்திரி தங்குங்கள். அதையும் சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை கிளம்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஏன் நடுவில் ஞாயிறு என்பதற்கு அப்புறம் வருகிறேன், அதற்கு முன் அந்த ஊர் எப்படி உண்டானது என்று கொஞ்சம் தெரிந்தால்தான் அது புரியும்.

நான் மியூனிக்கில் இருக்கிறேன். அங்கிருந்து சால்ஸ்பர்க் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும், பவேரியா (மியூனிக் இருக்கும் ஜெர்மன் மாநிலம்) டிக்கெட் எடுத்தால் சாதாரண ரயிலில் சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரைக்கும் அதுவே செல்லும் என்பதால் விருந்தாளிகள் வந்தால் கூட்டிக்கொண்டு போக எனக்கு இதுதான் கைவசம் உள்ள ஊர். பத்துத் தடவைக்கு மேல் போயாயிற்று. முதல் நான்கைந்து தடவை நானும் தப்பாகத்தான் பார்த்தேன்.

சால்ஸ் என்றால் உப்பு, பர்க் என்றால் கோட்டை. பேரே சொல்லிவிடுகிறது. பக்கத்தில் ஹல்லைன் ஊரை ஒட்டிய மலையிலிருந்து உப்பு எடுத்து, சால்சாக் ஆற்றில் படகேற்றி விற்ற காசுதான் இந்த ஊர். அந்தக் காசு எந்த ராஜாவிடமும் போகவில்லை, பேராயரிடம் போனது. இங்கே பேராயர்தான் ராஜா, தனி நாடு, தனிப் படை, தனி வரி, தனி நாணயம். 1803 வரை அப்படித்தான், ஆஸ்திரியாவோடு நிலையாகச் சேர்ந்தது 1816ல்தான். மொசார்ட் பிறந்தபோது இது ஆஸ்திரியாவே இல்லை. ஒரு சின்ன ஊரில் ரோமாபுரி அளவுக்குக் கோயில்களும் சதுக்கங்களும் ஏன் அடைத்துக்கொண்டு நிற்கின்றன என்று முதல் தடவை பார்க்கிற யாருக்கும் தோன்றும். செலவழிக்கக் காசு இருந்தது, கணக்குக் கேட்க ஆள் இல்லை, பேராயர்களில் சிலர் ரோமில் படித்துவிட்டு வந்தவர்கள். அவ்வளவுதான் காரணம்.

இவர்களில் வோல்ஃப் டீட்ரிச் என்று ஒருவர், 1587ல் பதவிக்கு வந்தபோது வயது முப்பதுகூட ஆகவில்லை. 1598ல் பழைய பேராலயம் தீப்பிடித்தது. அதைப் பழுது பார்த்திருக்கலாம் என்றுதான் சொல்கிறார்கள், இவர் மொத்தமாக இடித்துவிட்டார், சுற்றியிருந்த வீடுகளையும் சேர்த்து. இத்தாலியிலிருந்து கட்டடக் கலைஞர் ஸ்கமோட்சியிடம் பிரமாண்டமான வரைபடம் வாங்கினார். கட்ட முடியவில்லை. உப்பு விஷயமாகப் பக்கத்து பவேரியாவோடு மோதித் தோற்று, 1612ல் பதவி போய், தன்னுடைய கோட்டையிலேயே கைதியாக ஐந்து வருஷம் கிடந்து 1617ல் அங்கேயே இறந்தார். சிறைவைத்தது பவேரியாக்காரன் இல்லை, அடுத்துப் பதவிக்கு வந்த சொந்தக்காரர் மார்குஸ் சித்திகுஸ். நீங்கள் கட்டாயம் போகப்போகிற மிராபெல் மாளிகை இருக்கிறதே, அதை வோல்ஃப் டீட்ரிச் 1606ல் தன் துணைவி சலோமே ஆல்ட்டுக்காகக் கட்டினார் (துறவறப் பதவியில் இருந்தவருக்குத் துணைவியா என்று கேட்காதீர்கள், பதினைந்து குழந்தைகள் என்பார்கள்). சித்திகுஸ் வந்ததும் மாளிகையின் பேரையே மாற்றிவிட்டார், அவர் வைத்த பேர்தான் மிராபெல்.

இப்போதுள்ள பேராலயம் சித்திகுஸ் காலத்தில், 1614ல் சந்தினோ சொலாரி என்ற இத்தாலியர் தொடங்கி 1628ல் திறந்தது. இதற்கு மட்டும் நேரம் கொடுங்கள், மற்ற எதைக் குறைத்தாலும் பரவாயில்லை. நேராக உள்ளே நுழைந்துவிடாமல் எதிரே சதுக்கத்தின் மறுகோடியில் வளைவுகள் இருக்கும், அதில் நடு வளைவுக்குக் கீழே போய் நில்லுங்கள். சதுக்கத்தின் நடுவில் மாதா தூண். அதற்குப் பின்னால் பேராலயத்தின் முகப்பில் உயரத்தில் இரண்டு வானதூதர்கள் ஒரு கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். மெதுவாக முன்னால் நடந்தால், ஒரு குறிப்பிட்ட இடத்தில் அந்தக் கிரீடம் சரியாக மாதா சிலையின் தலையில் வந்து உட்காரும். ஒரு அடி தப்பினால் விலகிவிடும். பரோக் என்றால் என்ன என்று பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட அந்த ஒரு அடி நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். கட்டடம், சிலை, பார்க்கிறவன் நிற்கிற இடம், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் காட்சி, நீங்களும் அந்த நாடகத்தில் ஒரு பாத்திரம் என்பதுதான் அந்தக் காலத்து யோசனை. ஜூலை, ஆகஸ்டில் வந்தால் இங்கே நடக்கும் இசை, நாடக விழாவின் மேடையும் நாற்காலி வரிசைகளும் சதுக்கத்தை அடைத்துக்கொள்ளும். மே மாதம் வருவது இந்த வகையில் நல்லது.

வாசலில் நான்கு பெரிய சிலைகள். ஓரத்தில் நிற்பவர் புனித ரூபெர்ட், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள், உப்புப் பீப்பாய். இரும்புக் கதவுகளின் மேல் 774, 1628, 1959 என்று மூன்று வருஷங்கள். முதல் இரண்டும் கோயில்கள் திறக்கப்பட்ட வருஷங்கள். மூன்றாவது, 1944 அக்டோபரில் அமெரிக்கக் குண்டு விழுந்து குவிமாடம் நொறுங்கியதைத் திரும்பக் கட்டி முடித்த வருஷம்.

உள்ளே போனதும் குவிமாடத்துக்குக் கீழே வந்து நின்று நாலு பக்கத் தூண்களையும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மாடம், ஒவ்வொரு மாடத்திலும் ஒரு ஆர்கன், காற்றுக் குழாய்களால் ஒலிக்கிற கோயில் வாத்தியம். வாசலுக்கு மேலே இருக்கிற பெரிய ஆர்கன் தனி. எதற்கு இத்தனை? பாடுகிறவர்களையும் வாசிக்கிறவர்களையும் பிரித்துப் பிரித்து நாலு மாடங்களிலும் நிறுத்தினால் ஒரு பக்கம் கேள்வி எழும், எதிர்ப் பக்கம் பதில் வரும், நடுவில் நிற்பவருக்குச் சத்தம் நாலு திசையிலிருந்தும் இறங்கும். 1682ல் இந்தப் பேராயர் பீடத்தின் 1100ஆம் ஆண்டுக்காக இங்கே ஒரு திருப்பலி (கத்தோலிக்கப் பூசை) இசை அரங்கேறியது, 53 தனித்தனிக் குரல்களுக்கும் வாத்தியங்களுக்கும் எழுதியது. அதன் ஏடு 1870களில் ஊரிலிருந்த ஒரு காய்கறிக்காரர் வீட்டில் கிடைத்தது, காய் மடிக்கப் போகாமல் மயிரிழையில் தப்பியது என்பார்கள். நெடுநாள் வேறொரு இத்தாலியர் எழுதியது என்று நினைத்திருந்தார்கள், இப்போது இங்கே அரசவை இசைக்குழுவில் இருந்த பீபர் எழுதியது என்று ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். நான் சொல்ல வருவது இதுதான்: இந்த ஊரில் கட்டடம் வேறு, இசை வேறு இல்லை. ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டு மற்றதை மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தால் பாதிதான் பார்த்த மாதிரி.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குப் பேராலயத்தில் திருப்பலி, பெரும்பாலும் பாடகர் குழுவும் இசைக்குழுவும் சேர்ந்து, பல வாரங்கள் மொசார்ட்டோ அவர் காலத்தில் இங்கே இருந்த இசையமைப்பாளர் மிக்கேல் ஹைடனோ இதே கட்டடத்துக்காக எழுதிய இசை. அந்த வாரம் என்ன என்பதைப் பேராலயத்தின் தளத்தில் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். மற்ற நேரத்தில் சுற்றிப்பார்க்க இப்போது கட்டணம் வாங்குகிறார்கள், திருப்பலிக்கு வருகிறவர்களுக்குக் கிடையாது. ஒன்பதரைக்கே போய் நடுவில் உட்காருங்கள். போட்டோ எடுக்கவோ நடுவில் எழுந்து திரியவோ கூடாது, எல்லோரும் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்கார்ந்து இருந்தால் போதும். நற்கருணை (பாதிரியார் தருகிற அப்பம்) வாங்க வரிசையில் போகவேண்டிய அவசியம் இல்லை, பாதிப் பேர் உட்கார்ந்துதான் இருப்பார்கள். நம் ஊரில் கத்தோலிக்கத் திருப்பலி பார்த்தவர் உங்களில் யாராவது இருந்தால் பாஷை புரியாமலே எல்லாம் புரியும், ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ வருகிற இடத்தில் கிரியே, ‘உன்னதங்களிலே’ வருகிற இடத்தில் குளோரியா, அதே வரிசை.

இசை தெரியாது என்கிறீர்கள். ஒரே ஒரு விஷயத்தைக் காதில் வைத்துக்கொண்டு போங்கள். மொசார்ட் இங்கே வேலை பார்த்தபோது இருந்த பேராயர் கொலொரெடோவுக்கு நீளமான பூசை பிடிக்காது. எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரத்துக்குள் முடியவேண்டும் என்று கண்டிப்பு, 1776ல் இத்தாலியில் இருந்த மார்த்தினி பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில் மொசார்ட்டே இதைச் சொல்லியிருக்கிறார். அதனால் சொற்கள் அதிகமான பகுதிகளில் இசை ஓட்டமாக ஓடும், ஒருவர் வரியை முடிப்பதற்குள் அடுத்தவர் பிடித்துக்கொள்வார். அப்புறம் டிராம்போன்கள், நீளமான பித்தளை ஊதுவாத்தியங்கள், இங்கத்திய வழக்கப்படி பாடகர்களின் கீழ்க்குரல்களோடு கூடவே போகும். அந்தப் பெரிய கல் கட்டடத்தில் கடைசி ஸ்வரம் நின்ற பிறகும் சத்தம் மேலே சுற்றிக்கொண்டே இருக்கும், குழு அது அடங்கும் வரை காத்திருக்கும். நான் முதல் தடவை கேட்டபோது பக்கத்தில் என் மாமியார், அவருக்கு இதெல்லாம் பழக்கமே இல்லை, அந்த மௌனத்தில் குனிந்து என் காதில் “இன்னும் முடியல போலிருக்கு” என்றார். சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

இதற்கு நேர் எதிராக இன்னொன்று உண்டு. தெருவில் விக் வைத்துக்கொண்டு பட்டுக் கோட்டு போட்ட பையன்கள் துண்டுச் சீட்டு கொடுப்பார்கள், இரவு விருந்தும் மொசார்ட் கச்சேரியும் சேர்த்து என்று. அப்படி ஒன்றுக்கு ஒரு தடவை போய், சூப் ஸ்பூன் சத்தத்துக்கு நடுவில் எல்லோருக்கும் தெரிந்த மெட்டுகளைத் துண்டு துண்டாகக் கேட்டுவிட்டு, கொடுத்த காசை நினைத்து ராத்திரி தூக்கம் வரவில்லை. ராத்திரியில் ஏதாவது கேட்டே ஆகவேண்டும் என்றால் மிராபெல் மாளிகையின் பளிங்கு மண்டபத்தில் சின்னக் குழுக் கச்சேரிகள் நடக்கும், அது எவ்வளவோ மேல். இடமே அழகு, நாலைந்து பேர் வாசிப்பதை அருகில் உட்கார்ந்து கேட்கலாம். பெரிய விழா ஜூலைக் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் முடிய. 1920ல் பேராலயச் சதுக்கத்தில் ஒரே ஒரு நாடகத்தோடு தொடங்கியது, இன்று ஹோட்டல் வாடகை எகிறுவதற்கு அதுதான் காரணம். உங்களுக்கு அது சம்பந்தமில்லை.

மொசார்ட் வீடுகள் இரண்டு. கெட்ரைடெகாசெ தெரு 9ஆம் எண், மஞ்சள் கட்டடம், 1756 ஜனவரி 27ல் பிறந்த வீடு, மூன்றாவது மாடி. ஏழு குழந்தைகளில் பிழைத்தது அக்கா நன்னெர்லும் இவரும் மட்டும். சின்ன வயதில் வாசித்த வயலின் அங்கே இருக்கிறது, மற்றபடி கூட்டமும் படியும்தான், அம்மாவுக்கு வேண்டாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மக்கார்ட் சதுக்கத்தில் குடும்பம் 1773ல் மாறிப்போன வீடு இருக்கிறது. அதுவும் 1944 குண்டில் பெரும்பகுதி போய், 1996ல் திரும்பக் கட்டித் திறந்தது, அதனால் சுவரைத் தொட்டுப் பரவசப்பட ஒன்றுமில்லை. ஆனால் வியன்னாவில் அவர் சொந்தமாக வைத்திருந்த பியானோ அங்கேதான் இருக்கிறது. இன்றைய பியானோவைப் பார்த்த கண்ணுக்கு அது பொம்மை மாதிரி இருக்கும், மெலிந்த கால்கள், கறுப்பும் வெள்ளையும் இடம் மாறிய கட்டைகள். ஒரு வீடுதான் என்றால் இந்த வீடு.

இதில் வேடிக்கை என்னவென்றால் மொசார்ட்டுக்கு இந்த ஊரே பிடிக்காது. கடிதம் கடிதமாகத் திட்டியிருக்கிறார். 1781ல் வியன்னாவில் வைத்து, பேராயரின் அதிகாரி ஒருவர் பின்பக்கத்தில் உதைத்து அனுப்பியதோடு வேலை முடிந்தது. அப்படிப் போனவருக்கு ஊர் 1842ல்தான் சிலை வைத்தது. குழி தோண்டும்போது ரோமானியர் காலத்து மொசைக் தரை அகப்பட்டதால் அதற்கும் ஒரு வருஷம் தாமதம், அந்த இடைவெளியில் மனைவி கொன்ஸ்டான்ஸே இறந்துபோனார். மகன்கள் இருவரும் திறப்பு விழாவில் இருந்தார்கள், அவர் பார்க்கவில்லை. லின்ட்சர்காசெ தெருப் பக்கம் செபஸ்தியார் கல்லறைத் தோட்டத்தில் கொன்ஸ்டான்ஸேயின் சமாதி இருக்கிறது, பக்கத்திலேயே அந்த வோல்ஃப் டீட்ரிச்சுக்கும் பெரிய மண்டபம். கூட்டம் இருக்காது, படியும் குறைவு, அம்மாவோடு அரை மணி நேரம் உட்காரலாம்.

கோட்டைக்குக் கயிற்று ரயில் உண்டு, 1892லிருந்து ஓடுகிறது, ஏறி இறங்க முழங்காலுக்குத் தொந்தரவு இல்லை. மேலே உள்ளே படிகள் அதிகம், அம்மாவை மொட்டை மாடிக் காப்பிக்கடையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் சுற்றி வாருங்கள். அதைவிட எனக்குப் பிடித்தது மொன்க்ஸ்பெர்க் குன்று, பாறைக்குள்ளேயே லிஃப்ட் இருக்கிறது, மேலே வந்தால் ஊர் முழுக்கக் காலடியில். அந்தக் குன்றின் செங்குத்துப் பாறையை ஒட்டித்தான் வீடுகள் கட்டியிருக்கிறார்கள். 1669ல் ஒரு ராத்திரி பாறை சரிந்து இருநூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு ஏற்பட்ட வேலை இன்றும் இருக்கிறது: நகராட்சி ஆட்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு பாறையை அடி அடியாகத் தட்டிப் பார்ப்பார்கள், சத்தம் பொள்ளலாகக் கேட்டால் அந்தத் துண்டைப் பெயர்த்துக் கீழே தள்ளுவார்கள். வசந்த காலத்தில் பாதி தெருவை அடைத்துத் தடுப்பு வைத்திருந்தால் எரிச்சல்படாமல் அண்ணாந்து பாருங்கள்.

கூட இருப்பவர்களில் பிள்ளைகள் உண்டா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் ஹெல்புருன், பஸ்ஸில் இருபது நிமிஷம். அந்த சித்திகுஸ் கட்டிய கோடை மாளிகை, தோட்டம் முழுக்கக் குறும்பு நீரூற்றுகள். கல் மேஜையைச் சுற்றிக் கல் இருக்கைகள், விருந்தாளிகள் உட்கார்ந்ததும் அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சும், பேராயர் இருக்கை மட்டும் நனையாது. அவர் எழுந்திருக்காதவரை யாரும் எழுந்திருக்கவும் முடியாது. நானூறு வருஷம் கழித்தும் வழிகாட்டி அதே வேலையைச் செய்து காட்டுவார், போனைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படம் எடுத்த இடங்களைக் காட்டுகிற பஸ் டூர், அம்மாவுக்கு அந்தப் படம் உயிர் என்றால் மட்டும். மிராபெல் தோட்டத்தில் பிள்ளைகள் பாடிக்கொண்டே ஏறுகிற படிகளை நீங்களே காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு நாளில் இதில் பாதியையாவது உள்ளே போய்ப் பார்ப்பீர்கள் என்றால் சால்ஸ்பர்க் கார்டு 48 மணி நேரத்துக்கு வாங்கிவிடுங்கள், பஸ், கயிற்று ரயில், இரண்டு மொசார்ட் வீடுகள், ஹெல்புருன் எல்லாம் அதில் அடங்கும். ஸ்டேஷன் பக்கம் தங்கினால் வாடகை குறையும், மிராபெல் வரை நடந்தே வந்துவிடலாம்.

சாப்பாடு பெரிய பிரச்சினை இல்லை. சைவம் என்றால் காஸ்நொக்கன் கேளுங்கள், சின்னச் சின்ன மாவு உருண்டை, மேலே உருக்கின சீஸ், வறுத்த வெங்காயம். கெட்ரைடெகாசெயிலிருந்து பிரிகிற ஒரு குறுகிய சந்தில் போஸ்னா என்று ஒன்று விற்பார்கள், ரொட்டிக்குள் இரண்டு சாசேஜ், வெங்காயம், மேலே கறிப்பொடி, ஆமாம் கறிப்பொடியேதான். பன்றி இறைச்சி, பார்த்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரே நன்றாக இருக்கும், பாட்டில் வாங்கவேண்டாம். மொசார்ட்குகெல் சாக்லேட் ஊருக்கு வாங்குவீர்கள், தெரியும். கடைக்குக் கடை குவித்திருக்கும் சிவப்பு, தங்க நிறக் காகிதம் தொழிற்சாலைச் சரக்கு. 1890ல் இதை உண்டாக்கிய ஃபுர்ஸ்ட் கடையில் இன்றும் கையால் செய்வது வெள்ளியும் நீலமும் கலந்த காகிதத்தில் வரும், அவர்கள் கடைகளில் மட்டும்தான் கிடைக்கும். வெயிலில் இளகும், அதனால் கடைசி நாள் ரயிலேறும் முன் வாங்குங்கள்.

குடை மறக்கவேண்டாம். மலை அடிவாரம் என்பதால் மேகம் வந்து இங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும், இவர்கள் இந்த மழைக்கு ஷ்னூர்ல்ரேகன் என்று தனிப் பேரே வைத்திருக்கிறார்கள், நூல் மழை. பெரிதாக அடிக்காது, நூல் நூலாக நாள் முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும். தேதி முடிவானதும் எந்த ஞாயிறு என்று சொல்லுங்கள், அன்றைக்கு என்ன பாடுகிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.